புள்ளிகளின் ஆட்டம்: கற்பனை உதைபந்தாட்ட அணிகளும் மலையக இளைஞர்களும்

உலகில் மிக அதிகமான மக்களாற் பார்க்கப்படும் விளையாட்டு உதைபந்தாட்டமே என்பதில் இருவேறு கருத்துகள் இருக்க முடியாது. கிரிக்கெட் மோகம் தலைக்கேறிய நமது நாட்டிலுங்கூட அதற்கென ஒரு தனி இரசிகர் கூட்டம் உண்டு. பதுளை நகரின் கடைவீதியிலும், பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளைப் பகுதிகளிலும், பசறை, லுணுகலை, ஹாலிஎல தோட்டக் குடியிருப்புகளிலும் இங்கிலாந்தின் பிறீமியர் லீக் கழகங்களின் பெயரை அறியாத இளைஞரைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. லிவர்பூல், ஆர்சனல், மன்செஸ்டர் யுனைட்டெட் ஆகியவற்றின் பெயர் பொறித்த மேலங்கிகள் லயங்களின் கொடிகளிற் காய்வதையும் காண்கின்றோம்.

அந்த ஆட்டங்களுடன் ஒட்டி வளர்ந்த இன்னுமோர் ஆட்டம் இருக்கின்றது. ஆங்கிலத்தில் 'ஃபென்டஸி ஃபுட்போல்' என அழைக்கப்படும் அதனைக் கற்பனை அணிப் போட்டி எனலாம். இதில் பந்தை உதைப்பவர் நாமல்லர். மைதானத்தில் ஆடும் உண்மையான வீரர்களுள் சிலரைத் தெரிந்தெடுத்து நாம் ஒரு கற்பனை அணியை அமைக்கின்றோம். அவ்வீரர்கள் அந்த வாரத்தில் உண்மையாக ஆடிய விதத்திற்கேற்ப நமது அணிக்குப் புள்ளிகள் சேர்கின்றன. கையில் ஒரு தொலைபேசி இருந்தாற் போதும், உலகின் எந்த மூலையிலிருந்தும் இதில் இணையலாம்.

பிள்ளைகள் இரவில் நெடுநேரம் தொலைபேசியைப் பார்த்தபடி 'அவனுக்கு ஆறு புள்ளி, இவனுக்கு இரண்டு புள்ளி' எனப் பேசிக்கொள்வதைக் கேட்கும் பெற்றோருக்கு இது புதிராகவே தோன்றும். இது வெறும் பொழுதுபோக்கா, அல்லது சூதா? இதனை அனுமதிக்கலாமா, தடுக்க வேண்டுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு முன்னர் அந்தப் புள்ளிகள் எவ்வாறு இடப்படுகின்றன என்பதை விளங்கிக்கொள்வது அவசியமாகும். விளங்காத ஒன்றைப் புகழ்வதும் தவறு, இகழ்வதும் தவறு.

தோற்றமும் வளர்ச்சியும்

இத்தகைய போட்டியின் வேர் அமெரிக்காவில் இருக்கின்றது. 1962ஆம் ஆண்டில் ஓக்லண்ட் நகரைச் சேர்ந்த வில்பிரட் விங்கன்பாக் என்பவரும் அவரது நண்பர்களும் அமெரிக்கக் காற்பந்து வீரர்களை வைத்து முதலாவது கற்பனை லீக்கை ஆரம்பித்தனர். 1980இல் டேனியல் ஒக்ரென்ட் என்னும் எழுத்தாளர் நியூயோர்க்கில் பேஸ்போல் விளையாட்டுக்கு இதே முறையைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டில் அன்ட்ரூ வெயின்ஸ்டீன் இதனை உதைபந்தாட்டத்திற்கு ஏற்றவாறு அமைத்தார். 1990களில் அந்நாட்டு நாளிதழ்கள் வாசகர்களைக் கவர்வதற்கு இதனைப் பயன்படுத்தின. அக்காலத்திற் காகிதமும் பென்சிலுமே கருவிகள். இணையம் பரவியதும் நிலைமை மாறியது. 2002/03 பருவத்தில் பிறீமியர் லீக் நிறுவனமே தனது உத்தியோகபூர்வப் போட்டியைத் தொடங்கியது. அண்மைய பருவங்களில் உலகெங்கிலும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அதில் அணிகளைப் பதிவு செய்துள்ளனர். அதிற் சேர்வதற்குக் கட்டணம் இல்லை. வெற்றியாளருக்குக் கிடைக்கும் முதன்மைப் பரிசும் ரொக்கப் பணமன்று. ஆட்டங்களை நேரிற் காணும் பயண வாய்ப்புப் போன்றதே. இவ்விரண்டையும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு அவை முக்கியமானவை.

அணி அமைக்கும் முறை

ஒவ்வொருவருக்கும் 100 மில்லியன் பவுண் கற்பனைப் பணம் வழங்கப்படுகின்றது. அதைக் கொண்டு 15 வீரர்களை வாங்க வேண்டும். கோல் காப்பாளர் இருவர், பின்கள வீரர் ஐவர், நடுக்கள வீரர் ஐவர், முன்கள வீரர் மூவர் என்பது கணக்கு. ஒரே கழகத்திலிருந்து மூவருக்கு மேல் எடுக்க இயலாது. புகழ் பெற்ற வீரர்களுக்கு விலை அதிகம். 2025/26 பருவத்தின் ஆரம்பத்தில் லிவர்பூல் கழகத்தின் முஹம்மத் சலாஹ்வுக்கு 14.5 மில்லியன் விலை குறிக்கப்பட்டிருந்தது. அவரை வாங்கினால் எஞ்சிய 14 பேருக்கும் 85.5 மில்லியனே மீதியாகும். அதாவது ஒருவருக்குச் சராசரியாக ஆறு மில்லியனுக்குச் சற்று அதிகம். எனவே, எல்லா நட்சத்திரங்களையும் ஒரே அணியிற் சேர்க்க முடியாது. விலை குறைந்த, ஆனால் தவறாது ஆடும் வீரரைக் கண்டுபிடிப்பதே திறமையெனக் கருதப்படுகின்றது. குறைந்த வருமானத்தில் மாதச் செலவைத் திட்டமிடும் ஒரு குடும்பத் தலைவியின் கணக்குக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

பதினைவரில் 11 பேரை ஆடும் அணியாகவும் நால்வரை மாற்று வீரர்களாகவும் நிறுத்த வேண்டும். ஆடும் அணியிலுள்ள ஒருவர் அந்த வாரம் மைதானத்திற்கே இறங்காவிட்டால் மாற்று வீரர் ஒருவரின் புள்ளிகள் தாமாகவே சேர்க்கப்படும். ஒருவரைத் தலைவராகக் குறித்தால் அவரது புள்ளிகள் இரட்டிக்கும். தலைவர் ஒரு நிமிடமேனும் ஆடாவிடின் உபதலைவருக்கு அந்த இரட்டிப்புக் கிடைக்கும். வாரத்திற்கு ஒரு வீரரை இலவசமாக மாற்றலாம். பயன்படுத்தாத மாற்றங்களை ஐந்து வரை சேமித்து வைக்கவும் இடமுண்டு. அதற்கு மேலதிகமான ஒவ்வொரு மாற்றத்திற்கும் 4 புள்ளிகள் கழிக்கப்படும். அந்த வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு 90 நிமிடங்களுக்கு முன்னர் அணி பூட்டப்பட்டுவிடும். அதன் பின்னர் எவராலும் எதையும் மாற்ற இயலாது.

புள்ளி இடும் விதி

இனி முக்கியமான விடயத்திற்கு வருவோம். 2025/26 பருவத்தின் விதிகளின்படி, ஒரு வீரர் மைதானத்தில் இறங்கி 60 நிமிடங்களுக்குக் குறைவாக ஆடினால் 1 புள்ளி. 60 நிமிடங்கள் அல்லது அதற்கு மேல் ஆடினால் 2 புள்ளிகள். காயம் முதலியவற்றுக்காகச் சேர்க்கப்படும் மேலதிக நேரம் இக்கணக்கில் இல்லை.

கோல் அடித்தால் கிடைக்கும் புள்ளி அவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. முன்கள வீரருக்கு 4, நடுக்கள வீரருக்கு 5, பின்கள வீரருக்கு 6. கோல் காப்பாளர் ஒருவர் கோல் அடித்தால் 10. அரிதாக நடப்பதற்கு அதிக மதிப்பு என்பதே இதன் தத்துவம். கோலுக்கு வழிசெய்து கொடுத்த வீரருக்கு, அவர் எந்த இடத்தில் ஆடினாலும், 3 புள்ளிகள்.

எதிரணி கோல் எதுவும் அடிக்காமற் காத்தால், குறைந்தது 60 நிமிடங்கள் ஆடிய கோல் காப்பாளருக்கும் பின்கள வீரருக்கும் தலா 4 புள்ளிகள். நடுக்கள வீரருக்கு 1 புள்ளி. முன்கள வீரருக்கு ஒன்றுமில்லை. கோல் காப்பாளர் தடுக்கும் ஒவ்வொரு மூன்று பந்துகளுக்கும் 1 புள்ளி. பெனால்டி உதையைத் தடுத்தால் 5 புள்ளிகள்.

தண்டனைகளும் உண்டு. அணி விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு இரண்டு கோல்களுக்கும் கோல் காப்பாளரும் பின்கள வீரரும் 1 புள்ளியை இழப்பர். மஞ்சள் அட்டைக்கு 1, சிவப்பு அட்டைக்கு 3, பெனால்டியைத் தவறவிட்டால் 2, தன் அணிக்கே கோல் போட்டுக்கொண்டால் 2 எனப் புள்ளிகள் கழியும். இவற்றுக்கு மேலாக, ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறப்பாக ஆடிய மூவருக்கு 3, 2, 1 என ஊக்கப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. பந்து கடத்தல், பறித்தல், தடுத்தல் எனப் பல தரவுகளைக் கூட்டிக் கழித்தே அம்மூவரும் தீர்மானிக்கப்படுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பின்கள வீரர் ஒருவர் 90 நிமிடங்கள் ஆடுகின்றார். எதிரணி கோல் அடிக்கவில்லை. அவர் ஒரு மஞ்சள் அட்டை பெறுகின்றார். அவரது கணக்கு: ஆடியதற்கு 2, கோல் விடாமைக்கு 4, அட்டைக்கு 1 குறைவு. ஆக 5 புள்ளிகள். அவரே 59ஆவது நிமிடத்தில் வெளியேறியிருந்தால்? ஆடியதற்கு 1 மாத்திரமே. அந்த 4 புள்ளிகள் கிடையா. அட்டைக்கு 1 கழிய எஞ்சுவது பூச்சியம். ஒரு நிமிட வேறுபாட்டில் ஐந்து புள்ளிகள் மறைந்துவிடுகின்றன.

தோட்டத்திற் பிறந்து வளர்ந்த வாசகருக்கு இந்த விதி புதியதன்று. கொழுந்து நிறுவைத் தராசின் முன் நின்ற எவருக்கும் இது நன்றாகத் தெரியும். குறிக்கப்பட்ட கிலோ நிறைந்தால் முழுப் பேர். அதற்கு ஒன்றிரண்டு கிலோ குறைந்தால் அரைப் பேர் என்னும் குறை தோட்டங்களில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருவதாகும். பதினெட்டுக் கிலோ எனக் குறித்த தோட்டத்திற் பதினேழு கிலோ எடுத்தவரின் உழைப்பு, பதினெட்டுக் கிலோ எடுத்தவரின் உழைப்பிற் பாதியன்று. ஆனாற் பதிவேட்டிற் பாதியாகிவிடுகின்றது. எந்த அளவுகோலிலும் ஓர் எல்லைக்கோடு வரைந்தால், அக்கோட்டின் இப்புறமும் அப்புறமும் நிற்பவர்களுக்கிடையே இத்தகைய அநீதி தோன்றுவது இயல்பு. வேறுபாடு ஒன்றுண்டு. கற்பனை அணியில் இழப்பது புள்ளியை. தராசின் முன் இழப்பது கூலியை.

எண்ணப்படுவதும் எண்ணப்படாததும்

புள்ளி முறை உதைபந்தாட்டத்தை முழுமையாக அளக்கின்றதா என்பது அடுத்த வினா. இல்லை என்பதே விடை. அது எண்ணக்கூடியவற்றை மட்டுமே எண்ணுகின்றது. எதிரணியின் முன்கள வீரருக்குப் பந்தே சென்றடையாதவாறு 90 நிமிடங்களும் அவரை நிழல்போலத் தொடர்ந்த ஒரு நடுக்கள வீரருக்கு நெடுங்காலமாக அதற்கெனத் தனிப் புள்ளி எதுவும் கிடைத்ததில்லை. பந்தின்றி ஓடித் தன் சகாவுக்கு இடமேற்படுத்திக் கொடுத்தவருக்கு இன்றும் எதுவுமில்லை. ஐந்து அடி தூரத்திலிருந்து வெறுங் கோல் கம்பத்தினுள் பந்தைத் தட்டிவிட்டவருக்கோ 4 புள்ளிகள்.

இக்குறையை உணர்ந்தே 2025/26 பருவத்தில் ஒரு புதிய விதி சேர்க்கப்பட்டது. பின்கள வீரர் ஒருவர் ஓர் ஆட்டத்திற் பந்தை அப்புறப்படுத்தல், உடலாற் தடுத்தல், இடைமறித்தல், எதிராளியிடமிருந்து பறித்தல் ஆகிய நான்கையும் சேர்த்துப் பத்துத் தடவை செய்தால் 2 புள்ளிகள். நடுக்கள, முன்கள வீரருக்கு இவற்றுடன் பந்தை மீளக் கைப்பற்றுதலும் சேரும். ஆனால் அவர்கள் பன்னிரண்டு தடவையை எட்ட வேண்டும். நாம் மேலே கண்ட பின்கள வீரர் இவ்வெல்லையையும் எட்டியிருந்தால் அவரது 5 புள்ளிகள் 7 ஆகும். அதே நாளில் ஒரு கோல் அடித்து 90 நிமிடங்கள் ஆடிய முன்கள வீரர், ஊக்கப் புள்ளி பெறாவிடின், 6 புள்ளிகளையே பெறுவார். ஒரு விதி மாறியதும் நேற்று வரை எவரும் ஏறெடுத்துப் பாராத வீரர்கள் விலைபோகத் தொடங்கினர். அவர்களது ஆட்டம் மாறவில்லை, மாறியது அளவுகோலே.

வகைப்படுத்தலும் இவ்வாறே பெரும் வேறுபாட்டை ஏற்படுத்துகின்றது. எகிப்து நாட்டவரான சலாஹ் 2017/18 பருவத்தில் பிறீமியர் லீக்கில் 32 கோல்களை அடித்தார். ஆட்டத்தில் அவர் முன்வரிசையில் நின்றாலும் இப்போட்டியில் நடுக்கள வீரராகவே வகைப்படுத்தப்பட்டிருந்தார். எனவே, கோல் ஒன்றுக்கு 5 வீதம் அவருக்கு 160 புள்ளிகள் கிடைத்தன. முன்கள வீரரென எழுதப்பட்டிருந்தால் அதே 32 கோல்களுக்கு 128 புள்ளிகளே. அப்பருவத்தில் அவர் பெற்ற மொத்தம் 303. பின்னர் 2024/25 பருவத்தில் 344 புள்ளிகளைப் பெற்றுத் தமது சாதனையைத் தாமே முறியடித்தார். அவரது திறமையை எவரும் மறுக்கவியலாது. ஆனால் பெயருக்கு முன்னால் இடப்பட்ட ஒரு வகைச் சொல் பல புள்ளிகளைத் தந்தது என்பதும் உண்மையாகும்.

ஊவாவின் தேயிலையிலேயே இதற்கொப்பான உண்மை ஒன்றுண்டு. யூலை தொடக்கம் செப்டெம்பர் வரையிலான வரண்ட காலத்திற் கச்சான் காற்று வீசும்போது இம்மாகாணத் தோட்டங்களிற் கொழுந்து குறைகின்றது. ஆனால் உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் பெற்றுக்கொடுத்த தனி நறுமணம் அந்தக் காலத்துக் கொழுந்திலேயே பிறக்கின்றது. கிலோவை மட்டும் அளக்கும் தராசுக்கு அந்த நறுமணம் தெரியாது. தராசின் கணக்கில் அவை குறைந்த நாள்கள். தேயிலைச் சுவைஞரின் கணக்கில் அவை உயர்ந்த நாள்கள். எதனை அளக்கின்றோம் என்பதைப் பொறுத்தே யார் சிறந்தவர் என்பதும் தீர்மானமாகின்றது. புள்ளிப் பட்டியலை வேதவாக்காகக் கொள்ளும் இளைஞர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும்.

பணம் நுழையுமிடம்

இதுவரை நாம் கண்டது கட்டணமில்லாத ஆட்டம். இதனாற் கெடுதி பெரிதாக இல்லை. கணக்கறிவு வளர்வதற்கும் வாய்ப்புண்டு. ஆனால் இதே புள்ளி முறையின் மீது பணப்பந்தயம் கட்டப்படும்போது கதை முற்றாக மாறிவிடுகின்றது.

அண்டை நாடான இந்தியாவின் அனுபவம் இதற்குச் சிறந்த பாடமாகும். அங்கு 2008ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட 'ட்ரீம்11' நிறுவனம் கிரிக்கெட்டை முதன்மையாகக் கொண்டு கற்பனை அணிப் போட்டிகளை நடத்தியது. பதினொருவர் கொண்ட அணி, தலைவருக்கு இரட்டிப்புப் புள்ளிகள், உபதலைவருக்கு ஒன்றரை மடங்கு என்பன அதன் விதிகள். சிறு தொகையைக் கட்டணமாகச் செலுத்திப் பெருந்தொகையை வெல்லலாம் என விளம்பரங்கள் ஆசை காட்டின. இது சூதாட்டமே என வழக்குத் தொடுக்கப்பட்டபோது, வீரர்களைத் தெரிவதற்கு அறிவும் ஆராய்ச்சியும் தேவை என்பதால் இது திறமை சார்ந்த விளையாட்டே என 2017இல் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்ததென 1996ஆம் ஆண்டில், தமிழ்நாட்டு வழக்கொன்றில், இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இத்தகைய வாதங்களுக்குத் துணை நின்றது. இத்துறை பெருவளர்ச்சி கண்டது. 2023இல் இந்தியக் கிரிக்கெட் அணியின் மேலங்கியிலேயே அந்நிறுவனத்தின் பெயர் இடம்பெற்றது.

மறுபுறம், இணையவழிப் பணவிளையாட்டுகளாற் கடனில் மூழ்கிய குடும்பங்களின் அவலம் தமிழ்நாட்டில் அரசியல் விவகாரமாயிற்று. 2022இல் தமிழ்நாடு சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்ட போதிலும், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை எனக் கூறி அவற்றுக்கு விதித்த தடையை நீக்கியது. ஈற்றில் 2025 ஓகஸ்ட்டில் இந்திய நாடாளுமன்றம் ஒரு புதிய சட்டத்தை இயற்றியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகள் யாவும் அதன்மூலம் தடை செய்யப்பட்டன. அவற்றை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் ஒரு கோடி இந்திய ரூபா வரை அபராதமும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கின்றது. விளையாடியவருக்குத் தண்டனை இல்லை. அவர் பாதிக்கப்பட்டவராகவே கருதப்படுகின்றார். சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் தொடுக்கப்பட்டன. எனினும், ட்ரீம்11 நிறுவனம் தனது பணப் போட்டிகளை உடனடியாக நிறுத்தியது.

இலங்கையிலும் 2025 ஓகஸ்ட்டில் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகார சபையை அமைப்பதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இணையவழிச் சூதாட்டமும் அதன் வரம்பினுட் கொண்டுவரப்பட்டது. ஆயினும் சட்டம் என்பது கடைசி வேலி. கையிலுள்ள தொலைபேசியூடாக எல்லை கடந்து வரும் பந்தயத் தளங்களை வேலியால் மட்டும் தடுத்துவிட முடியாது.

பணப் போட்டியின் உட்கணக்கை ஒரு சிறு கற்பிதத்தின் மூலம் காண்போம். இருபது நண்பர்கள் வாரந்தோறும் ஆளுக்கு 500 ரூபா கட்டுகின்றனர் எனக் கொள்வோம். சேரும் தொகை 10,000 ரூபா. நடத்துபவர் தமது பங்காக 1,500 ரூபாவை எடுத்துக்கொண்டு முதலாமவருக்கு 5,000, இரண்டாமவருக்கு 2,500, மூன்றாமவருக்கு 1,000 எனப் பகிர்கின்றார். மூவர் மகிழ்வர்; பதினேழு பேர் தமது 500 ரூபாவை முற்றாக இழப்பர். எவர் வென்றாலும், எவர் தோற்றாலும், நடத்துபவர் ஒருபோதும் தோற்பதில்லை. பிறீமியர் லீக் பருவம் ஒன்றில் 38 சுற்றுகள் உள்ளன. ஒவ்வொரு சுற்றிலும் பணத்தை இழக்கும் ஒருவர் பருவ முடிவில் 19,000 ரூபாவை இழந்திருப்பார்.

2026ஆம் ஆண்டிற்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக உயர்த்தி, வருகைக்கான ஊக்கத்தொகை 200 ரூபாவையும் சேர்த்து 1,750 ரூபாவாக்கும் முன்மொழிவு வைக்கப்பட்டது. அந்த உயர்ந்த தொகையைக் கொண்டு கணக்கிட்டாலும் 19,000 ரூபா என்பது ஏறத்தாழப் பதினொரு நாள் கூலியாகும். தாயொருத்தி பதினொரு நாள் அட்டைக்கடியையும் மழையையும் பொறுத்துக் கூடை சுமந்து ஈட்டியது, மகனின் தொலைபேசியில் ஓசையின்றிக் கரைந்துவிடுகின்றது.

நமது ஊர்களில் வழக்கிலுள்ள சீட்டுடன் இதனை ஒப்பிடுங்கள். அதிலும் இருபது பேர் 500 ரூபா வீதம் கட்டுகின்றனர். ஆனால் நேர்மையாக நடக்கும் சீட்டில் ஒவ்வொருவரும் தமது முறை வரும்போது 10,000 ரூபாவைப் பெறுகின்றனர். எவருடைய பணமும் எவரிடமும் தங்கிவிடுவதில்லை. ஒன்று சேமிப்பு; மற்றையது ஒருவரின் இழப்பை இன்னொருவரின் வருமானமாக்குவது.

திறமை இருந்தால் வெல்லலாமே எனச் சிலர் வாதிடுவர். திறமைக்கு இடமுண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வீரரின் கணுக்கால் பயிற்சியின்போது சுளுக்கிக்கொள்வதையோ, நடுவர் ஒருவர் கடைசி நிமிடத்திற் பெனால்டி வழங்குவதையோ எந்தத் திறமையாலும் முன்னறிய முடியாது. 59ஆவது நிமிடத்திற் பின்கள வீரரை மாற்றுவதென முடிவெடுப்பவர் அக்கழகத்தின் பயிற்றுநர். அதனாற் பணத்தை இழப்பவரோ பசறையில் இருக்கும் இளைஞர். மேலும், எல்லாரும் சம திறமை பெற்றாலும் பரிசு மூவருக்கு மாத்திரமே. கணினியின் துணையுடன் நூற்றுக்கணக்கான அணிகளைப் பதிவு செய்யும் தொழில்முறைக் கணக்காளர்களுக்கு எதிரே, வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் யோசித்து அணி அமைப்பவர் எம்மாத்திரம்?

சமயங்களின் நோக்கும் இங்கு கருத்திற் கொள்ளத்தக்கது. திருக்குர்ஆன் 'மைசிர்' எனப்படும் சூதாட்டத்தை மதுவுடன் சேர்த்து வெளிப்படையாகவே விலக்கியுள்ளது. பங்குபற்றுவோர் கட்டும் பணத்தைத் திரட்டி வென்றவருக்கு வழங்கும் முறை இவ்விலக்கினுள் அடங்கும் என்பதே மார்க்க அறிஞர்களிற் பெரும்பாலோரின் நிலைப்பாடாகும். கட்டணமின்றி ஆடுவதை அவர்கள் வேறாகவே நோக்குகின்றனர். எனினும் தொழுகையையும் கடமைகளையும் மறக்கச் செய்யும் எதுவும் தீதென எச்சரிக்கின்றனர். திருவள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். நாட்டை இழந்த தருமனின் கதை நமது கோயில் திருவிழாக்களில் ஆண்டுதோறும் சொல்லப்படுகின்றது. இவ்விடயத்தில் ஊவாவின் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குரலிற் பேச முடியும்.

செய்ய வேண்டியது என்ன?

தொலைபேசியைப் பறித்துவிடுவது தீர்வாகாது. பெற்றோர் முதலில் ஒரு வினாவைக் கேட்டறிய வேண்டும்: இதில் இணைவதற்குப் பணம் கட்ட வேண்டுமா? இல்லை என்றால் நேர எல்லை ஒன்றை வகுத்தாற் போதும். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அங்கு கோடையாயின் நமக்கு இரவு ஏழரை, குளிர்காலமாயின் எட்டரை. அதைப் பார்த்து முடித்து உறங்கச் செல்வதில் தவறில்லை. பணம் கட்ட வேண்டும் என்றால், எவ்வளவு சிறிய தொகையாயினும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வங்கி அட்டை எண்ணையோ தேசிய அடையாள அட்டைப் படத்தையோ கேட்கும் தளங்களில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

ஆசிரியர்கள் இதனை ஒரு வாய்ப்பாகவும் கொள்ளலாம். சராசரி, நிகழ்தகவு, வீதம் ஆகியவற்றைக் கரும்பலகையிற் கற்பிக்கும்போது உறங்கும் மாணவன், தனது அணியின் புள்ளிகளைக் கணக்கிடும்போது விழித்திருக்கின்றான். வகுப்பறையில் மாணவர்களையே புள்ளி விதிகளை வகுக்கச் சொல்லலாம். பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்திலோ, தோட்டத்து மைதானங்களிலோ நடக்கும் உள்ளூர் ஆட்டத்திற்கு அவர்களை அழைத்துச் சென்று, கோல் அடித்தவரை மாத்திரமன்றிப் பந்தைத் தடுத்தவரையும், சகாவுக்கு வழிவிட்டவரையும் குறித்துவரச் செய்யலாம். இரு மாணவர்கள் ஒரே ஆட்டத்துக்கு இருவேறு விதிகளின்படி புள்ளியிட்டால் சிறந்த வீரரும் இருவராக மாறுவதை அவர்கள் கண்கூடாகக் காண்பர். தராசையும், பரீட்சைப் பெறுபேற்றையும், சம்பளத் துண்டையும் கேள்வியுடன் நோக்கும் பழக்கம் அங்கிருந்தே பிறக்கும்.

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். நமது பிள்ளைகள் அந்நிய நாட்டு வீரர்களின் ஒவ்வோர் அசைவையும் எண்ணிக்கொண்டிருக்கும் காலத்தில், நமது நாட்டின் உதைபந்தாட்டம் 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தடைக்குள்ளாகி, அந்த ஆண்டு ஓகஸ்ட்டிலேயே மீண்டது. தோட்டங்களில் ஒரு சமதரையான மைதானம் கிடைப்பதே அரிது. மலைச்சரிவில் வெறுங்காலுடன் பந்தை உதைக்கும் சிறுவனுக்குக் கால் தேயாத ஒரு சோடிக் காலணியும், மழை நின்றதும் காயும் ஒரு மைதானமும், வாரத்தில் இரு நாள் வந்து பழக்கும் ஒரு பயிற்றுநரும் கிடைக்குமாயின் அதுவே அவனுக்குப் பெரும் பேறாகும். மாகாண நிர்வாகமும், தோட்ட முகாமைத்துவங்களும், தொழிற்சங்கங்களும் இதிற் கவனஞ் செலுத்த வேண்டும்.

கற்பனை அணியில் அறிவு இருக்கின்றது, மகிழ்ச்சியும் இருக்கின்றது. அவ்விரண்டையும் நமது இளைஞர்கள் பெற்றுக்கொள்ளட்டும். ஆனால் எந்தப் புள்ளிக்கும் பின்னால் விதியை எழுதிய ஒருவர் இருக்கின்றார் என்பதையும், பணம் கட்டும் ஆட்டத்தில் அவர் ஒருபோதும் தோற்பதில்லை என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். அதனை எடுத்துச் சொல்வது பெற்றோரினதும் ஆசிரியரினதும் கடமையாகும்.